தார் சுத்தாதவனுக்குத் தறி ஏது?

வா நைனா, வா. ஆக்கி மட்டையத் திண்ணையில சாத்திட்டு உக்காரு. மூஞ்சி இன்னாத்துக்கு மழை ஏமாத்துன ஏரி மாதிரி கீது? கோச்சு நாலே நிமிஷம்தான் எறக்கி உட்டாருன்னு உங்கப்பன் பொதட்டூர்பேட்டை டீக்கடை பூரா சொல்லிக்கினு போறான்.

சரி, கணக்குப் போடுவோம். 15 நிமிஷம் வீதம் நாலு கால், ஆக 60 நிமிஷம். கோலிய உட்டா களத்துல 10 பேரு. மொத்தக் கூலி 600 நிமிஷம். 18 பேரு அணியில ரெண்டு கோலிய கழிச்சா 16 பேரு. வகுத்தா ஆளுக்கு முப்பத்தேழரை. அப்போ பாக்கி முப்பத்துமூணரை எங்கன்னு கேக்கறியா? பேஷ்! இது ரேஷன் கடையா, கார்டுக்கு இவ்ளோன்னு அளந்து ஊத்த?

நான் தறிக்குப் போன புதுசுல ஒரு வருஷம் தார் சுத்தினேன், அறுந்த இழைய முடிஞ்சேன். கை சும்மா இருக்குமா? முதலாளி சாப்பிடப் போன நேரம் நாடாவ எறிஞ்சி பாத்தேன். பாவு அறுந்துது. அப்புறம் முதுகுல நெசவு நடந்துது.

கோச்சும் அந்த முதலாளிதான். ஆள எத்தினி வாட்டி வேணாலும் மாத்தலாம். ஆனா ஷார்ட் கார்னர் குடுத்துட்டா, அது முடியற வரைக்கும் மாத்த முடியாது. அந்த நேரம் நீ உள்ள மாட்டிக்கினா? அவருக்கும் வேலை கீது, பொண்டாட்டி புள்ள கீது. அதான் ஒரு கோல் முன்னால இருக்கும்போது பழைய ஆளத் தேடறாரு. நாலு கோல் முன்னால போனா "தம்பி, வா"ன்றாரு.

நம்ம அரியலூர் கார்த்தி செல்வத்தப் பாரு. 2022ல ஜகார்த்தா ஆசியக் கோப்பை. இந்திய டீமுல பெரிய ஆளுங்களுக்கு ஓய்வு குடுத்துட்டு, கோச்சு சர்தார் சிங் சின்னப் பசங்கள இட்டுக்கினு போனாரு. முதல் மேட்சே பாகிஸ்தான், முதல் மேட்சுலயே கோல் போட்டான். ஆனா 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் 16 பேருல அவன் பேரு இல்ல. கோல் போட்டவனுக்கே அந்தக் கதி. நீ போட்டது மட்டைய, அதுவும் கோவத்துல.

ஐஸ் மேல ஆக்கி ஆடற அமெரிக்கா, கனடாவுல இன்னும் கூத்து. முக்கா நிமிஷம் பாஞ்சுட்டு பெஞ்சுக்கு ஓடி வந்துடறான். 18, 19 வயசுப் புள்ள அங்க என்.எச்.எல். லீக்குல ஒரு சீசனுக்குப் பத்து மேட்ச் ஆடிட்டா அவனோட முதல் ஒப்பந்தத்துல ஒரு வருஷம் கரைஞ்சுடும். ஒம்பதோட நிறுத்துனா ஒப்பந்தம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போவும். ஒம்பது முடிஞ்சதும் "தம்பிக்கு இன்னும் பக்குவம் வரல"ன்னு மூட்டை கட்டி அனுப்பற கிளப்புங்களும் உண்டு. பக்குவம் யாருக்கு? கல்லாப்பெட்டிக்கு!

இப்ப ரகசியம் சொல்றேன், காதக் குடு. கோச்சு கை காட்டினா, மாமியார் கூப்பிட்ட மருமவ மாதிரி அசைஞ்சி வராத, ஓடி வா. பந்து போச்சுன்னா இடுப்புல கை வச்சி நிக்காத, திரும்பித் துரத்து. பெஞ்சுல குந்திக்கினு செல்லு நோண்டாத; உன் எடத்துல ஆடறவன் எங்க தடுமாறுறான்னு பாரு. நாலு நிமிஷம் அஞ்சாவறது அங்கதான். கடைசி ரெண்டு நிமிஷத்துல, ஒரு கோல் முன்னால இருக்கும்போது உன்னை எறக்குனா, அன்னைக்கு வந்து சொல்லு. உனக்கு நானே ஆடிக்கிருத்திகைக் காவடி எடுக்கறேன்.

அப்புறம் ஒண்ணு. உங்கப்பன் கோச்சு வீட்டுக்கு மாம்பழக் கூடை தூக்கிக்கினு கெளம்பினான். நான் புடுங்கி உள்ள வச்சிட்டேன். இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ. ஒண்ணுதான்! நாலு நிமிஷத்துக்கு அவ்ளோதான் கூலி.

மீதியா? அது சீனியர் ஆட்டக்காரனுக்கு.