நடுவிலுள்ள முப்பது கிலோமீட்டருக்காக ஒரு மனு

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகம், புது தில்லி.

பொருள்: ராமேஸ்வரம் – தலைமன்னார் பயணிகள் கப்பல் – மீண்டும் விடப்படும் எனப் பலமுறை அறிவிக்கப்பட்டது – கப்பல் வராதது – மனுதாரர் கரையிலேயே நிற்பது – தொடர்பாக.

பார்வை: 1. 2011 ஜனவரி புரிந்துணர்வு ஒப்பந்தம். 2. 2023 ஜூலை தொலைநோக்கு ஆவணம். 3. 2024 டிசம்பர் கூட்டறிக்கை.

ஐயா,

மனுதாரர் முதலில் நன்றி சொல்லிவிடுகிறார். நன்றியில் தொடங்குகிற மனுவுக்குக் கோப்பில் சீக்கிரம் இடம் கிடைக்கும் என்று தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் சொல்லியிருக்கிறார்.

நன்றி சொல்லக் காரணங்களும் உண்டு. 2025 ஏப்ரல் 6, ராம நவமியன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 550 கோடி ரூபாய். பழைய பாலத்தை ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறப்பார்கள். அது இரண்டு இமைகளாகப் பிரிந்து மேலே போகும். புதியதில் அந்த வேலை இல்லை. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மோட்டார் விசையில் அப்படியே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. மனுதாரர் இதைப் பக்கத்துச் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தார். வண்டி நிறுத்தக் கூடாத பாலம்தான். எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள், அவரும் நிறுத்தினார். ஐந்நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு, கப்பலுக்கு வழிவிட மேலே போனது. கடலோரக் காவல் படைக்கு வழி, இழுவைக் கப்பலுக்கு வழி, வரிசையில் நின்ற விசைப்படகுகளுக்கு வழி. பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு ஏறக்கூடிய ஒரு கப்பலை மட்டும் அந்த வரிசையில் காணோம்.

அன்று காலை பிரதமர் இலங்கையில், அநுராதபுரத்தில் இருந்தார். அங்கே ரயில் பாதைப் பணிகளைத் தொடங்கிவைத்தார். பிறகு வான்வழியாகக் கடலைத் தாண்டினார். வழியில் ராமர் பாலத்தை மேலிருந்து தரிசித்ததாக அவரே காணொளி வெளியிட்டார். இறங்கியதும் பாம்பனில் ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார். ஆக, ஒரே நாளில் கடலின் இரு கரையிலும் ரயில்வே விழா. இரண்டு விழாவுக்கும் நடுவே கிடந்த தண்ணீரை அவரும் அவர் குழுவினரும் நேராகக் கடந்தார்கள். அப்படிக் கடக்க முடியும் என்பது அன்று ஐயமற நிரூபணமாகிவிட்டதால், அதே வசதியைக் கொஞ்சம் மலிவான வாகனத்தில் தனக்கும் செய்து தரலாம் என்று மனுதாரர் கருதுகிறார்.

இது புதுக் கோரிக்கை அல்ல என்பதைக் காட்ட மனுதாரர் சற்றுப் பின்னே போக வேண்டியிருக்கிறது. 1914 பிப்ரவரி 24-ல் பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, ராமநாதசுவாமியைச் சேவிக்க வருகிற பக்தர்களை மனத்தில் வைத்து வெள்ளைக்காரன் அவ்வளவு இரும்பைக் கடலில் இறக்கவில்லை. அவனுக்கு வேண்டியது கொழும்பு. அதுவரை தூத்துக்குடிவரை ரயிலில் போய், அங்கிருந்து கப்பலேறிக் கொழும்புக்குப் போனார்கள். பாலம் வந்தபின் எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கினார். எதிரே நின்ற கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார். அங்கே காத்திருந்த ரயிலில் ஏறிக் கொழும்புக் கோட்டைக்குப் போனார். இவ்வளவுக்கும் எழும்பூரில் வாங்கிய சீட்டே போதும். ராமேஸ்வரத்துக்காரர்கள் இன்னும் ‘போட் மெயில்’ என்று சொல்கிற வண்டி அதுதான். இக்கரை ரயிலையும் கப்பலையும் ஒரே ரயில்வே கம்பெனி நடத்தியது. தண்டவாளம் முடிகிற இடத்தில் தன் பொறுப்பும் முடிந்தது என்று அது ஒதுங்கவில்லை; கப்பலும் வாங்கி ஓட்டியது. கோஷன், இர்வின் என்று துரைமார் பெயரைத் தாங்கிய கப்பல்கள்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் புயல் வந்தது. தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சரை, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடல் கொண்டுபோனது. அரசாங்கம் அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. பாம்பன் பாலத்தின் இடைப்பகுதிகள் விழுந்து கிடந்தன. சரிசெய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள், ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். பின்னாளில் கொங்கண் ரயிலும் தில்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். மனுதாரர் இந்த 46 என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் தட்டச்சு செய்யச் சொன்னார். கணினி நிலையத்துப் பையன் அதற்குத் தனியாகக் காசு கேட்டதால் விட்டுவிட்டார்.

புயலுக்குப் பிறகும் கப்பல் நிற்கவில்லை என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். தனுஷ்கோடிதான் போனது, கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்பட்டது. எண்பதுகள்வரை ஓடியது. அதில் வந்தவர்கள் எல்லோரும் ஊர் பார்க்க வந்தவர்களும் அல்லர். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30-ல், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தோட்டங்களில் நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அவர்களை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை இறக்கிவந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் முகாமில் பதிவு. அந்த வேலைக்குக் கப்பல் இருந்தது, கால அட்டவணை இருந்தது, துறைமேடை இருந்தது, சுங்க அலுவலரும் இருந்தார். ஐயா அவர்களின் துறைக்கு இந்தக் கடலில் கப்பல் விடத் தெரியாது என்று யாராவது சொன்னால் மனுதாரர் நம்ப மாட்டார்.

பிறகு இலங்கையில் போர் வந்தது. 1984 வாக்கில் கப்பல் நின்றது. அதன்பின் இதே கடலில் அகதிகள் படகில் வந்தார்கள். நள்ளிரவில் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, விடியும்வரை குழந்தைகளோடு நின்றார்கள். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் கவிழ்ந்தபோதும் அரிச்சல்முனைத் திட்டுகளில் அப்படித்தான் குடும்பங்கள் நின்றன.

இனி இன்றைய நிலவரம். இந்தியப் பக்கம் 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை 9.5 கிலோமீட்டர் சாலை போடப்பட்டது. முன்பெல்லாம் மணலில் திணறிப் போகும் வேனில் தலை கூரையில் இடிக்கப் போனவர்கள், இப்போது அரசுப் பேருந்தில் போகிறார்கள். இடப்பக்கம் பெண் கடல், சாதுவாகக் கிடக்கும். வலப்பக்கம் ஆண் கடல், எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். அழகில் குறையே இல்லை. சாலையின் முடிவில் ஒரு தூண், அதன் உச்சியில் அசோகச் சிங்கங்கள். அங்கே நிற்கிறபோது சிலரது செல்பேசிக்கு ‘இலங்கைக்கு நல்வரவு’ என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. வந்த வழியே திரும்பினால்தான் மீன் வறுவல்.

அக்கரையில்? போரில் சிதைந்த தலைமன்னார் ரயில் பாதையை இந்தியாவின் கடனுதவியில் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டது. 2015 மார்ச் 14-ல் இந்தியப் பிரதமரே நேரில் போய்க் கொடியசைத்தார். இக்கரையில் இந்தியா பாலம் கட்டி ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அக்கரையிலும் இந்தியாவே பணம் கொடுத்து ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மிச்சமிருப்பது சுமார் 30 கிலோமீட்டர் தண்ணீர். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தானே பந்தல் போட்டுக்கொடுத்தவர், தாலி மட்டும் பிறகு பார்க்கலாம் என்றால் எப்படி?

வேறு வழியிருக்கிறதா என்று மனுதாரர் தேடாமல் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கிலோமீட்டர் பின்னே போய் மதுரையில் விமானம் ஏறலாம். கொழும்பில் இறங்கி, கோட்டை நிலையத்தில் ரயில் பிடித்து 300 கிலோமீட்டருக்கு மேல் போனால், கிளம்பிய இடத்தை எட்டிப் பார்க்கும் தூரத்தில் தலைமன்னார். நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பல் ஏறலாம். அது இருக்கிறது, அதற்கும் நன்றி. 2023 அக்டோபர் 14-ல் ‘செரியபாணி’ கப்பல் காங்கேசன்துறைக்குக் கிளம்பியது. வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கிற மாதத்தில் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தது யார் என்று மனுதாரர் கேட்க மாட்டார். சில நாட்களில் சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் மறுபடி தொடங்கியது. அதற்கும் முன்னால், 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோட்டியா பிரின்ஸ்’ விடப்பட்டு, அந்த ஆண்டுக்குள்ளேயே நின்றுபோனது. இந்தக் கடலில் கப்பல் சேவைகளுக்கு ஆயுள் கம்மி. திறப்பு விழாப் புகைப்படங்கள் மட்டும் நன்றாக இருக்கின்றன.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ராமேஸ்வரத்திலிருந்து படகில் போகலாம், கடவுச்சீட்டு வேண்டாம். ஆனால் தலைமன்னார்வரை போகப் புனிதர் அனுமதித்தாலும் கடற்படை அனுமதிக்காது. மீனவராகிவிடுவது இன்னொரு வழி. விசைப்படகில் போய் எல்லை தாண்டிப் பிடிபட்டால் இலங்கைப் பயணம் உறுதி. விடுதலையானவர்களைக் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். படகு அங்கேயே நின்று மட்கும். ராமேஸ்வரத்து இழுவை மடிகள் தங்கள் கடலை வழித்தெடுப்பதாக மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதால், அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவராகச் சேர மனுதாரருக்கு விருப்பமில்லை.

நீந்தலாம். கேலி இல்லை, இந்த நீரிணையில் இன்றுவரை ஒழுங்காக நடக்கிற சேவை நீச்சல்தான். 1966 ஏப்ரலில் மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் நீந்திப் போய், நீந்தியே திரும்பினார். 1994-ல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது வயது 12. இப்படி நீந்துகிறவர்களுக்கு இரு நாடும் அனுமதி தருகின்றன, கூடவே படகும் வருகிறது. அந்தப் படகில் ஓர் ஓரமாக உட்கார்ந்து போகலாமா என்று மனுதாரர் விசாரித்தார். ஆகாது என்றார்கள்.

2015-ல் மக்களவையில் இன்னொரு வழியும் சொல்லப்பட்டது: சுமார் 24,000 கோடியில் கடலுக்கு மேலே பாலம், அடியிலே சுரங்கம். 2019-ல் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி ரயில் பாதைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது, தண்டவாளம் வரவில்லை. மணலும் கடலும் அடிக்கடி இடம் மாற்றிக்கொள்கிற அந்த முனையில் அது வராததே நல்லது என்று மனுதாரர் நினைக்கிறார். பாலமும் சுரங்கமும் அவருக்கு வேண்டாம். ராமர் பாலத்தின் திட்டுகளுக்கு இடையே பல இடங்களில் தண்ணீர் ஆழமே இல்லை. பெரிய கப்பல் அங்கே தேவையும் இல்லை.

ஆகவே மனுதாரர் கேட்பது: ராமேஸ்வரத்தில் ஒரு துறைமேடை, அதில் குடியேற்றத்துக்கும் சுங்கத்துக்கும் இரண்டு மேசைகள், தலைமன்னார் இறங்குதுறையில் அதேபோல் இரண்டு, நடுவே ஆழம் குறைந்த நீரில் ஓடக்கூடிய ஒரு நடுத்தரக் கப்பல். அக்டோபர் முதல் டிசம்பர்வரை ஓடவே வேண்டாம். கட்டணத்தை ஐயா அவர்களே நிர்ணயிக்கலாம். விமானக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். பார்வையில் கண்ட மூன்று ஆவணங்களிலும் இதைச் செய்வதாகவே எழுதியிருப்பதால், புதிதாக ஒப்பந்தம் எதுவும் போட வேண்டிய சிரமமும் இல்லை.

மேற்படி மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கை, பார்வையில் வரிசை எண் 4-ஆகச் சேர்வதோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறும் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மனுதாரர்

நகல்: தமிழ்நாடு கடல்சார் வாரியம், சென்னை (தக்க நடவடிக்கைக்காக), நிலைய அதிபர், தலைமன்னார் இறங்குதுறை ரயில் நிலையம் (தகவலுக்காக, கொழும்பு வழியாக).