இருபத்தொரு நாள் தொலைநோக்கு

மத்திய அரசு ஊழியர் அலுவல் நிமித்தம் விமானம் ஏற நிதி அமைச்சகம் 2022 ஜூனில் வகுத்த நெறிமுறையைக் குறை சொல்பவர்கள், அதை நிதானமாகப் படிக்காதவர்கள். தேர்வுச் சுதந்திரம் இல்லையாம்! பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்று மூன்று முகவர்கள் இருக்கிறார்களே. மூன்றும் அரசின் கைக்குள்ளேயே இருப்பது வெறும் தற்செயல். தகுதிக்குரிய வகுப்பில் ஆகக் குறைந்த கட்டணச் சீட்டைத்தான் எடுக்க வேண்டும் என்பதால், எதை எடுப்பது என்ற மனஉளைச்சலும் மிச்சம்.

21 நாளுக்கு முன்பே பதிவு செய்யச் சொல்வதில்தான் தொலைநோக்கு இருக்கிறது. அவசரம் வந்தால் என்ன செய்வது என்கிறார்கள். அவசரத்தை ஒழுங்குபடுத்துவதற்குப் பெயர்தானே நிர்வாகம்? புயலும் வெள்ளமும் மூன்று வாரம் முன்னதாக மனுக் கொடுத்துவிட்டு வந்தால், ஆய்வுக் குழுவும் மலிவாக வந்து சேரும். அப்படியும் 72 மணி நேரத்துக்குள் சீட்டு எடுக்க நேர்ந்தால் பாதகமில்லை. ஊழியர் தன் கைப்படக் காரணம் சொன்னால் போதும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலும் அதே சலுகை. நாளைக்குக் கூட்டம் என்று நேற்று அறிவித்தவர் மேலதிகாரி. இன்று மாலை அதைத் தள்ளிவைத்தவரும் அவரே. விளக்கக் கடிதம் இரண்டும் ஊழியருடையவை.