2,000 கலோரி ஆசாமியைக் காணவில்லை

அனுப்புநர்:
சம்பளமில்லாக் கணக்குப்பிள்ளை,
(நுகர்வோர் என்றும் சொல்வார்கள்),
தமிழ்நாடு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: 2,000 கலோரி ஆசாமியின் முகவரி கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உடம்பு ஏறாமல் இருக்க வழி கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்கிறது: உள்ளே போகிற கலோரியும் செலவாகிற கலோரியும் சரிக்குச் சரி இருந்தால் போதும். மறுக்க நான் யார்? கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துப் பேராசிரியர் மார்க் ஹாப், 2010இல் பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக்கும் பாக்கெட் தீனியுமாகவே தின்றார். நாளொன்றுக்கு 1,800 கலோரிக்குள் நிறுத்தியதால் 12 கிலோ இளைத்தார். ஆகவே கணக்கோடு எனக்குத் தகராறு இல்லை. அதைப் போடும் வேலையைச் சம்பளமில்லாமல் என் தலையில் கட்டியதுதான் வருத்தம்.

முதலில் ஆசாமி விவகாரம். பாக்கெட்டின் முதுகில், ஒரு தடவை பரிமாறும் அளவு ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்று போடச் சொல்கிறீர்கள். அந்த நாள் தேவையையும் நீங்களே வகுத்திருக்கிறீர்கள்: 2,000 கலோரி, 67 கிராம் கொழுப்பு, 50 கிராம் சேர்த்த சர்க்கரை. ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே 2020இல் போட்ட கணக்கு வேறு. உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660, உடம்பு நோக உழைக்கும் ஆணுக்கு 3,470. வங்கிக் கவுண்டரில் இருக்கும் அம்மா உங்கள் லேபிளை நம்பினால் தினம் 340 கலோரி உபரி. மூட்டை சுமக்கும் மனிதர் நம்பினால் அரைப் பட்டினி. அப்படியானால் அந்த 2,000 கலோரி ஆசாமி எந்த ஊர்? ரேஷன் கார்டாவது உண்டா? நேரில் பார்த்துவிட்டால், என் சாப்பாட்டையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

அடுத்தது, பரிமாறும் அளவு. பல சிப்ஸ் பாக்கெட்டுகளில் அது 20 கிராம். தராசில் போட்டுப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சில்லு தேறும். மிளகாய்த்தூள் விரல் நுனியில் ஒட்டி, நாக்குக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும். அதற்கப்புறம் கை யாரையும் கேட்பதில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே தானாகப் போய் வரும். பதின்மூன்றாவது சில்லின்போது கையைத் தட்டிவிட வீட்டுக்கொரு ஆய்வாளரை நியமித்தால் உங்கள் 20 கிராம் நிலைநாட்டப்படும்.

கலோரியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினால் மாட்டிக்கொள்ளப்போவது தெருமுனைக் கடலை வண்டிக்காரர்தான். 100 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 550 கலோரி. மணலில் வறுத்த வேர்க்கடலையிலும் அதே அளவு. சில சமயம் கொஞ்சம் கூடவே. ஆனால் கூம்புப் பொட்டலத்துக் கடலையைத் தோல் உரிக்க வேண்டும், உள்தோலை ஊதித் தள்ள வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும். புரதமும் நாருமாக வயிற்றில் போய் உட்கார்ந்து, பாதிப் பொட்டலத்திலேயே ‘போதுமப்பா’ என்கிறது. போதாததற்கு, மெல்லப்பட்ட கொட்டையின் சத்து முழுவதும் உடம்பில் சேர்வதும் இல்லை. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற வாய்பாட்டை வகுத்தவர் அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்துச் சரக்கு. அதன்படி 28 கிராம் பாதாமில் 170 கலோரியை ஒட்டி இருக்க வேண்டும். 2012இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தபோது உடம்புக்குக் கிடைத்தது 129தான். லேபிளில் இருக்கிற எண் பாக்கெட்டுக்குச் சொந்தம். வயிறு அதில் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொரு சோதனையும் உங்கள் பார்வைக்கு. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவு. முன்னால் வைத்த இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ஒன்றுபோல. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு தின்னலாம். ஆலை உணவு வந்தபோது ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிற்று; 0.9 கிலோ ஏறினார்கள். சமைத்ததைத் தின்ற வாரங்களில் அதே அளவு இறங்கினார்கள். கலோரிக் கணக்கு இங்கேயும் பிசகவில்லை. ஆனால் எவ்வளவு தின்பது என்பதைத் தட்டில் இருந்த பண்டமே தீர்மானித்துவிட்டது. பேராசிரியர் ஹாப் போல மன உறுதியோடு எண்ணி எண்ணித் தின்ன எத்தனை பேரால் முடியும்? மற்றவர்களுக்குப் பண்டத்தின் தரம்தான் கலோரியின் கடிவாளம்.

இதற்கு நீங்கள் கண்ட மருந்து நட்சத்திரம். 2022 வரைவின்படி பாக்கெட்டுக்கு அரை முதல் ஐந்து வரை நட்சத்திரம். சர்க்கரை, உப்பு, கொழுப்புக்கு மதிப்பெண் குறையும். நார், புரதம், கொட்டைகளுக்குக் கூடும். சித்திரகுப்தன் பேரேடு மாதிரி, சர்க்கரைப் பாவத்தை நார்ப் புண்ணியத்தால் கழித்துக்கொள்ளலாம். அந்த வரைவும் இழுபறியில் கிடக்க, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடு விதித்தது. பிறகு கெடுவுக்கும் நீட்டிப்பு கிடைத்தது. கெடுவே பெருத்துக்கொண்டு போகிற நாட்டில் எங்கள் இடுப்பை மட்டும் குறை சொல்வது நியாயமா?

இத்தனைக்கும், முன்பக்கத்தில் சேதி சொல்ல உங்களுக்குத் தெரியாமல் இல்லை. சைவமா அசைவமா என்பதை எழுத்தறியாதவருக்கும் ஒரு பச்சைப் புள்ளியில் சொல்கிறீர்கள். சர்க்கரை என்று வரும்போதுதான் பின்பக்கத்துப் பொடி எழுத்தும் தசமப் புள்ளியும் தேவைப்படுகின்றன. சிலி நாடு 2016லேயே சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டின் நெற்றியில் கறுப்பு எண்கோண முத்திரை குத்திவிட்டது. அங்கே குழந்தைகூடக் கூட்டல் போடாமல் புரிந்துகொள்ளும்.

ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. 2,000 கலோரி ஆசாமியை நேரில் ஆஜர்படுத்துக. இயலாவிட்டால் 1,660க்கும் 3,470க்கும் நடுவே நாங்களும் உயிரோடு இருப்பதாகப் பதிவு செய்க.
2. பரிமாறும் அளவைத் தொழிற்சாலையில் வகுக்காமல், பாக்கெட்டைப் பிரித்த ஒரு மனிதனை வைத்து வகுக்க.
3. நட்சத்திரங்களை வானத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, முன்பக்கத்தில் கறுப்பு முத்திரை குத்துக.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள். கூட்டல் கழித்தலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படியான்.

நகல்: தெருமுனைக் கடலை வண்டிக்காரர் – தகவலுக்கும் ஆறுதலுக்கும்.