ஏற்காட்டுக்குப் போய் இதயத்தைக் காப்பாற்றுவது எப்படி?

"வாழைப்பழத்தில் பொட்டாசியம், இதயத்துக்கு நல்லது" என்ற செய்தி குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் தாமதிக்காதீர்கள். சனிக்கிழமை காலையே சேலத்திலிருந்து வண்டியைக் கிளப்புங்கள். பொட்டாசியம் தேடிப் போக ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் போல் தோதான இடம் கிடையாது. பலா, கொய்யா, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், மலைவாழை என்று சீசனுக்கு ஒன்றாகச் சாலையோரத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். இறங்கி நடக்கக்கூட வேண்டாம். கார்க் கண்ணாடியை இறக்கினால் போதும். உடற்பயிற்சி பற்றி அந்தச் செய்தியில் ஒன்றும் சொல்லவில்லையே.

அடிவாரத்திலேயே ஒரு சீப்பு பழம் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுவதற்குள் குழந்தைகள் குரங்கைப் பார்த்துவிடுவார்கள். உணவு கொடுக்காதீர்கள் என்று எழுதிய பலகையின் கீழேயே வண்டியை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடுவதுதான் முறை. மலையுச்சிக்குப் போகும்போது சீப்பில் காம்புதான் மிச்சமிருக்கும். அந்தப் பாதையில் பொட்டாசியத்துக்குக் குறைவில்லாத குடும்பம் என்றால் அது குரங்குக் குடும்பம்தான்.

பழம் மிஞ்சிய புண்ணியவான்கள் இனிக் கணக்குப் போடலாம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது. நம் ஊர் ஐ.சி.எம்.ஆர். கணக்கும் ஏறக்குறைய அதேதான். தோல் உரித்த வாழைப்பழம் நூறு கிராமில் 360 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். ஆக, பழத்தை மட்டுமே நம்பினால் தினமும் ஒரு கிலோ சதை உள்ளே போக வேண்டும். எல்லாக் குடும்பத்திலும் ஒரு பெரியப்பா இருப்பார், இந்தச் சவாலை ஏற்றுக்கொள்ள. அவரை முன்சீட்டில் உட்கார வைக்காதீர்கள், மலை வளைவு ஒத்துக்கொள்ளாது.

உண்மையில் அந்த 3,510 எங்கிருந்து வருகிறது என்றால், வீட்டுச் சமையலிலிருந்துதான். துவரம்பருப்பு, பச்சைப்பயறு, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, சேனை, தக்காளி, மோர், தேங்காய். நூறு கிராம் உருளையில் வாழைப்பழத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. ஆனால் கீரைக் கூட்டைப் படம் பிடித்துக் காலை வணக்கம் போட்டு யாரும் அனுப்புவதில்லை, அதனால் அதை விட்டுவிடுவோம். கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும் என்பதையும் யாரிடமும் சொல்லாதீர்கள். பாட்டி அதை ரசத்தில் ஊற்றியதற்குக் காரணம் கருமித்தனம் என்றே இருக்கட்டும்.

இப்போது ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். படகுக்கு டிக்கெட் எடுக்கும் முன் பஜ்ஜி சாப்பிட வேண்டும். இது எழுதாத சட்டம். அதன்பின் மனச்சாட்சி உறுத்தினால் பக்கத்துத் தள்ளுவண்டிக்குப் போங்கள். கொய்யா, மாங்காய், அன்னாசி. நூறு கிராம் கொய்யாவில் 400 மில்லிகிராமுக்குமேல் பொட்டாசியம், சோடியம் பேருக்குத்தான். இதயத்துக்கு இதைவிட நல்ல தின்பண்டம் சொல்லுங்கள் பார்ப்போம்.

"உப்புக் காரம் போடட்டுங்களா?"

"நல்லாப் போடுங்கண்ணே."

அவர் நாலாகப் பிளந்த காயின் உள்ளெல்லாம் உப்பையும் மிளகாய்த்தூளையும் விரலால் அழுத்தித் தேய்ப்பார். அதில் கால் டீஸ்பூன் உப்பு ஏறினால் கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்கும் ஐந்து கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறார்கள், அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். காலை இட்லிச் சட்னி, பஜ்ஜி மாவு, மதியச் சாப்பாட்டின் ஊறுகாய், அப்பளம் எல்லாம் ஏற்கெனவே அதில் பங்கு கேட்டு நிற்கின்றன. பழம் வாங்கி அதன் பலனை அங்கேயே கழித்துக்கொள்ளும் வித்தையில் நமக்கு நிகர் யாரும் இல்லை. பொட்டாசியம் போதுமான அளவு வந்தால் சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியே தள்ளும், ரத்தக் குழாய்கள் இளகும், பிரஷர் இறங்கும். கொய்யா செய்ய வந்த வேலை அதுதான். அதைச் செய்யவிடாமல் தடவி அனுப்புகிறோம்.

காபியையும் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. காபிக்கொட்டையும் ஒரு பழத்தின் விதைதானே! சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இந்த மலையில் காபியை நட்டு வைத்தார், பேரிக்காயும் அவர் காலத்து வரவுதான். பாலும் டிகாக்ஷனுமாக ஒரு டம்ளரில் கொஞ்சம் பொட்டாசியம் இருக்கவே செய்கிறது. அதற்காக மூன்று டம்ளர் சர்க்கரையோடு குடித்துவிட்டு இதய சிகிச்சை முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். வந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மலையில் பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்கலாமே என்று தோன்றும். அவர்களுடைய பழைய சாப்பாடு கேழ்வரகுக் களி, சாமைச் சோறு, அவரை, கீரை. தவிட்டோடு இருக்கும் தானியத்தில் பொட்டாசியமும் தங்கும், தீட்டினால் குறையும். ஆனால் ரேஷன் அரிசி இருபது வளைவையும் ஏறி எப்போதோ மேலே வந்துவிட்டது. நாம் களி தேடி மேலே போகிற நேரத்தில் அவர்கள் வீட்டில் வெள்ளைச்சோறு வெந்துகொண்டிருக்கலாம். அதில் நமக்குக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

திரும்பி வந்ததும் அடுத்த கட்டம்: சோடியம் குறைந்த உப்பு. சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. இது கேலி செய்யும் சரக்கு இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம், முன்பே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது பிரஷர் உள்ள முதியவர்கள், ஐந்து ஆண்டு அளவுக்கு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முக்கால் பங்கு சோடியம் குளோரைடு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வந்தது. ஆகவே உடனே ஒரு பாக்கெட் வாங்கி, வீட்டில் யாரிடமும் கேட்காமல் உப்பு ஜாடியில் கொட்டிவிடுங்கள் என்றுதான் நம் பாணியில் சொல்ல வேண்டும்.

இங்கே மட்டும் கேலியை நிறுத்திக்கொள்கிறேன். கொட்டாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை என்ற சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும். குறைந்தாலும் துடிப்பு தாளம் தப்பும், எகிறினாலும் தப்பும், மிக எகிறினால் நின்றே போகும். திறந்த இதய அறுவையில் இதயத்தை நிறுத்தி வைக்க மருத்துவர்கள் பயன்படுத்துவதே பொட்டாசியக் கரைசலைத்தான். அந்த இடைவெளியைக் காவல் காப்பது சிறுநீரகம். அது நன்றாக இருக்கும்வரை நாலு பழம் கூடச் சாப்பிட்டால் மிச்சத்தை வெளியே அனுப்பிவிடும். அது பழுதானவர்களுக்கு அந்த உப்பு பாக்கெட்டும் சீப்புப் பழமும் ஒரே ஆபத்து. இன்னொரு சங்கதி: டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கும். பெரியப்பாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் அவற்றில் ஒன்று இருக்கும்.

பெரியப்பா இன்னொன்றும் செய்வார். "பழம் சாப்பிடுறேன்ல, மாத்திரை எதுக்கு?" 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து பிரஷர் மாத்திரை வீடு தேடியே வருகிறது. அதை வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு வாழைப்பழத்தை உரிப்பதுதான் பெரியப்பா வைத்தியம். அவரோடு வாதாடாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். எண்ணைக் காட்டினால் வாய் திறக்கமாட்டார்.

கடைசியாக, மலையிலிருந்து வாங்கி வந்த பையை என்ன செய்வது? டயாலிசிஸில் இருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்கள் இளநீரும் ஆரஞ்சும் கொண்டுபோவதுதான் வழக்கம். ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்குமேல் பொட்டாசியம் இருக்கக்கூடும். வைத்துவிட்டு வந்தால் அவர் மனைவி வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் நிற்பார். பேரிக்காய் கிடைத்தால் இரண்டு கொண்டுபோங்கள், நூறு கிராமில் 120 மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு துண்டு தரலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிடுங்கள். ஏற்காட்டுப் பேரிக்காய் கல் மாதிரி இருக்கும், கத்தியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.