எங்கக்கா இன்னும் பிறக்கவே இல்லையாம்

ஏ பேராண்டி, அந்த ரிப்போர்ட்டை இப்படிக் குடு. கண்ணாடி போட்டுத்தான் பாக்கேன். எங்கக்கா பேரு சரி. சர்க்கரை 164, அதுவும் சரிதான். நேத்து ராத்திரி அவ ஒளிச்சு வச்சுத் தின்ன அதிரசம் எத்தனைன்னு எனக்குத் தெரியும். பேருக்குக் கீழ வயசுன்னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, அதை வாசி. மைனஸ் 3. அதாவது அவ பிறக்க இன்னும் மூணு வருஷம் கெடக்கு. பிறக்காத மனுஷிகிட்ட ரத்தம் எடுத்து, சர்க்கரை பாத்து, காசும் வாங்கின லேப் இந்த ஜில்லாவுல உன்னோடது ஒண்ணுதான். வாசல் போர்டுல அதையும் எழுதிப் போடு, கூட்டம் அள்ளும்.

முழிக்காத. தப்பு எங்கன்னு நானே சொல்லுதேன். நாப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்துல பேரேடு எழுதுனவன்டா நான். நீ படிச்சு முடிச்சுப் பரண்ல போட்ட புஸ்தகத்தையெல்லாம் திண்ணையில உக்காந்து படிச்சவனும் நான்தான். அக்கா பிறந்தது 1928. உன் லேப்ல பதிவு போடுற பொண்ணு 28ன்னு ரெண்டு எழுத்துத் தட்டுனா. பல புரோகிராம்ல ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்கான்: 00லேருந்து 29 வரைக்கும் வந்தா 2000, 30லேருந்து 99 வரைக்கும் வந்தா 1900. அக்கா அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்துட்டா. நான் 39, இந்தப் பக்கம் தப்பிச்சேன். இல்லன்னா எனக்கும் பிறக்க நாளு பாத்திருப்ப.

இந்த ரெண்டெழுத்துக் கோணல் ஒண்ணும் புதுசில்ல. நம்ம பஞ்சாங்கத்துலயே இருக்கு. நான் பிரமாதி வருஷம், 1939. உன் கடைசித் தம்பியும் பிரமாதிதான், 1999. அறுபது வருஷத்துக்கு ஒருக்கா அதே பேரு சுத்தி வரும். எவனாவது எங்க ரெண்டு பேரையும் மாத்திக்கிட்டானா? என் பல்லைப் பாத்தாலே தெரியும். மிஷின் பல்லைப் பாக்காது, எழுதுன எழுத்தைத்தான் பாக்கும். அமெரிக்காவுல மினசோட்டாப் பக்கம் 1888ல பிறந்த ஒரு பாட்டி. அவுகளுக்கு 104 வயசு ஆனப்ப, மழலையர் பள்ளிக்கூடத்துல வந்து சேரச் சொல்லிக் கடிதாசு போச்சு. 88ன்னு பாத்த மிஷின் நாலு வயசுன்னு கணக்குப் போட்டுருச்சு. பாட்டி சிரிச்சிருப்பா. பள்ளிக்கூடம்னா சிரிச்சுட்டுப் போயிரலாம்.

2000 பிறக்குறதுக்கு முன்னால உலகமே இதுக்காகத்தான் பயந்து கெடந்துச்சு. ஆரம்பத்துல கம்ப்யூட்டர்ல ஞாபக இடம் தங்கம் விலை, அதனால வருஷத்துல பாதியை வெட்டி எழுதுனாங்க. வெட்டுனவன் ரிட்டையர் ஆயிட்டான், புரோகிராம் ஆகலை. நம்ம தெருவுல ஒருத்தன் ‘கோபால்’ படிக்கப் போறேன்னான். கோபால் யாருடா, வாத்தியாரான்னு கேட்டேன். அது கோபோலாம், கம்ப்யூட்டர் பாஷையாம். அதைப் படிச்சுட்டு அமெரிக்கா போனவன் இன்னிக்கு வரைக்கும் திரும்பலை. ராப்பகலா உக்காந்து எல்லாரும் திருத்துனாங்க, ஜனவரி 1 விடிஞ்சுது, பெருசா ஒண்ணும் ஆகலை. உடனே ‘சும்மா புளுகிருக்கானுவ’ன்னு ஊரு பேசிச்சு. கண்மாய்க் கரையை அடைச்சதாலதான் ஊருக்குள்ள தண்ணி வரலைன்னு எவனுக்கும் தோணாது பாரு.

ஆனா ஒரு இடத்துல ஓட்டை அடைபடாமக் கெடந்துச்சு. அது லேப்தான், உன் தொழில்தான். இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு, அங்க நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனை. கர்ப்பிணிப் பொம்பளைகளுக்கு ரத்தம் எடுத்து, பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க வாய்ப்பு எம்புட்டுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுவாங்க. ரத்தத்துல உள்ள சத்தை மட்டும் வச்சுப் போடுற கணக்கு இல்ல அது, தாயோட வயசும் அதுல சேரும். இருபது வயசுக்காரிக்கு ஆயிரத்து ஐந்நூத்துல ஒண்ணுன்னா, நாப்பது வயசுக்காரிக்கு நூத்துல ஒண்ணு. வயசு தப்புன்னா மிச்சக் கணக்கு எம்புட்டுச் சுத்தமா இருந்தாலும் விடை தப்புதான். 2000 ஜனவரி 4லேருந்து மே 24 வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் தாய்மாரு வயசைத் தப்பாப் போட்டுச்சு. 150 பேருக்கு மேல தப்பான சேதி போச்சு. ‘உனக்கு ஆபத்து கம்மி, நிம்மதியாப் போம்மா’ன்னு வீட்டுக்கு அனுப்பி வச்சதுல நாலு பேரு வயித்துல டவுன் சின்ட்ரோம் பிள்ளை. அந்தப் பிள்ளைக மேல நான் குறை சொல்லுவனா? பெத்தவளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி, அவளை யோசிக்க விட்டிருக்கணும். அதைப் பறிச்சுட்டாங்க.

இதுல என்னைத் தூங்கவிடாத சங்கதி ஒண்ணு உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் நிக்கலை. புகை வரலை. சிவப்பு லைட் எரியலை. நாலரை மாசத்துக்கு மேல தினமும் காலையில எழுந்திரிச்சு, ஒழுங்கா வேலை பாத்து, அழகா அச்சடிச்சுப் பொய் சொல்லுச்சு. நீயோ மிஷின் நின்னுரும்னு பயந்து இன்வெர்ட்டர் வாங்கி வச்சிருக்க. நின்ன மாடு யோக்கியமான மாடு. செக்குல தப்பாச் சுத்துற மாட்டை என்ன செய்வ?

போன மாசம் உன் இன்வெர்ட்டரும் கைவிட்டுச்சே, ஞாபகம் இருக்கா? கரண்ட் வந்ததும் உன் பழைய பயோகெமிஸ்ட்ரி மிஷின் கண்ணு முழிச்சு, இன்னிக்கு 2000 ஜனவரி 1ன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. உள்ள இருக்குற பட்டன் பேட்டரி செத்துப்போச்சு, மிட்டாய் விலைச் சாமான். அன்னிக்கு நடந்ததை நான் பெஞ்சுல உக்காந்து பாத்தேன். மொத வாரமே காலாவதியான கிட், மிஷின் கணக்குல இருபத்தஞ்சு வருஷம் ஆயுசோட இளந்தாரியா நின்னுச்சு. மிஷினைச் சரிபாக்க கன்ட்ரோல் ஓட்டின புள்ளி, கிராஃபுல இடது ஓரத்துல போய் ஒட்டிக்கிச்சு. பழைய ரிசல்ட்டோட புதுசை ஒப்பிட்டு, தாறுமாறா இருந்தா அது கத்தணும்ல? பழசு எல்லாம் அதுக்கு வருங்காலத்துல இருக்கு, எதோட ஒப்பிடும்? தேதியை நீ ஏன் பாக்கலைன்னு எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் சரியாத் தேதி தெரியுற மூலையிலதான் காஞ்சு கெடக்கு. சாமியே மறைச்சுட்டார், மனுஷன் என்ன செய்ய.

இதே கூத்து ரத்த வங்கியில நடந்தா? சிவப்பணுப் பைக்கு, ஊத்துற மருந்தைப் பொறுத்து, 35 நாளோ 42 நாளோ. தட்டணுவுக்கு அஞ்சே நாளு. கடிகாரம் பின்னால போனா செத்த பையும் புதுப்பை.

வயசு கட்டமும் சும்மா அலங்காரம்னு நெனைக்காத. வளருற பிள்ளைக்கு எலும்பு வளருறதால ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் பெரியவங்களுக்கு இருக்குறதை விட எக்கச்சக்கமா இருக்கும், அது நோய் இல்ல. கிரியாட்டினினை வச்சுச் சிறுநீரகம் எம்புட்டு வேலை பாக்குதுன்னு கணக்குப் போடுறதுலயும் வயசு உண்டு. மைனஸ் 3 வயசுல எங்கக்கா சிறுநீரகம் எப்படி இருக்கும்னு உன் மிஷின்கிட்ட கேட்டுப் பாரு, வெக்கமில்லாம ஒரு நம்பர் சொல்லும்.

சரி, என்ன செய்யணும்னு கேக்க. பெரியவன் சொல்லுதேன், அப்படியே செய்யி. சாஃப்ட்வேர்க்காரனுக்கு ஒரு போன் போடு. ‘எல்லாம் ஓகே சார்’ம்பான். அதை வாயாலயே வாங்கிக்கோ, எழுத்துல கேட்டா அவனுக்கு மனசு நோகும். எந்தெந்தச் சாமானுக்குள்ள கடிகாரம் இருக்குன்னு பட்டியல் எடுக்காத; குளிர்பெட்டியில வெப்பம் எழுதுறதுக்கும், பார்கோட் ஒட்டுறதுக்கும் தேதி எதுக்குன்னு விட்டுரு. தேதியை முன்னால தள்ளி வச்சுச் சோதிக்கணும்னு ஆசை வந்தா, திங்கக்கிழமை காலையில வெறும் வயித்துக் கூட்டம் வரிசையில நிக்கும்போது வச்சுக்கோ. பேக்கப் எடுத்துராத. புதுத் தேதியைப் பாத்ததும் லைசென்ஸ் முடிஞ்சுதுன்னு மென்பொருள் பூட்டிக்கும், பாட்டில் பூராவும் காலாவதின்னு மிஷின் கத்தும், திருப்பி வச்சாலும் உன்னை நம்பாது. அப்பறம் சர்வீஸ் இஞ்சினியரைக் கூப்பிடு. ஒரு வாரத்துல வருவான். அதுவரைக்கும் எல்லாருக்கும் நாடி பிடிச்சுப் பாத்துக் காசு வாங்கலாம்.

சங்கத்துல கம்ப்யூட்டர் வந்தப்ப நாங்க செஞ்சதைச் சொல்லவா? மூணு மாசம் கையாலயும் எழுதுனோம், அதுலயும் ஏத்துனோம். அந்திக்கு ரெண்டையும் வச்சுப் பாப்போம். நாலணா இடிச்சாலும் வீட்டுக்குப் போக மாட்டோம். உனக்கு மூணு மாசம் வேண்டாம், ஒரு ஞாயித்துக்கிழமை போதும். இஞ்சினியரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரே கன்ட்ரோல் சீரத்தை இன்னித் தேதியில ஒருக்கா ஓட்டு, தேதியைத் தள்ளி வச்சு ஒருக்கா ஓட்டு. நூறு தாண்டின கிழவி ஒருத்தி, நேத்துப் பிறந்த சிசு ஒண்ணு, பிப்ரவரி 29ல பிறந்தவன் ஒருத்தன்னு பொய்யா மூணு பேரை உள்ள ஏத்து. வயசு என்ன வருதுன்னு விரலை மடக்கி எண்ணு.

எந்தத் தேதிக்குத் தள்ளணும்னா, 2028 பிப்ரவரி 29க்கு ஒருக்கா. 2024ல அதே நாளுல நியூசிலாந்துல பெட்ரோல் பங்க் மிஷினே நின்னுபோச்சு. அடுத்தது 2038 ஜனவரி 19. பல மிஷினுக்குள்ள இருக்குற குட்டிக் கம்ப்யூட்டர், 1970 ஜனவரி 1லேருந்து ஒவ்வொரு விநாடியா எண்ணிக்கிட்டே வருது. பழசா இருந்தா 214,74,83,647 வரைக்கும்தான் அதுக்கு எண்ணத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணு கூட்டுனா, தலைகீழாக் கவுந்து 1901 டிசம்பர்ல போய் விழும். நம்ம ஊரு நேரத்துக்கு அது காலை 8 மணி 44 நிமிஷம். செவ்வாய்க்கிழமை, பொங்கல் முடிஞ்ச வாரம். ‘அப்ப இந்த மிஷினா இருக்கப்போகுது தாத்தா’ங்குற. வெட்டி எழுதுனவனும் இதைத்தான் சொன்னான். நீ செகண்ட் ஹாண்ட்ல வாங்குன சென்ட்ரிஃபியூஜுக்கு என்ன வயசுன்னு உனக்கே தெரியாது.

நான் இருந்தா அன்னிக்கு வெறும் வயித்தோட உன் பெஞ்சுல வந்து உக்காருதேன். எட்டே முக்காலுக்கு ஊசி போடு. ரிப்போர்ட்ல தேதி 1901ன்னு வந்தா கிழிச்சுராத, நான் சட்டம் போட்டு மாட்டிக்கிடுதேன். எங்கப்பனே பிறக்காத வருஷத்துல எனக்குச் சர்க்கரைன்னு ஊரெல்லாம் காட்டணும். பில்லை மட்டும் அந்த வருஷ விலைக்குப் போட்டுரு, ரெண்டணாதான் தருவேன்.