இடத்த மாட்டை வலத்த பூட்டாதீக!

வா மருமகனே, உக்காரு. அந்தக் கட்டில்ல வேணாம், கயிறு இத்துப் போச்சு. திண்ணையில உக்காரு. மெட்ராஸ்ல இருந்து மெனக்கெட்டு பஸ் ஏறி இதுக்காகவா வந்த? "தமிழ் தலைவாஸ் டீமை எப்படி மாத்தி அமைக்கலாம், நாலு யோசனை சொல்லுங்க மாமா, நான் எழுதி மேல அனுப்புறேன்"ங்குற. நான் மூணாங்கிளாசைத் தாண்டாதவன். கபடியில எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒடைஞ்ச முட்டியும் ரெண்டு பித்தளை அண்டாவும்தான். இருந்தாலும் கேட்டுட்ட. ஒங்க அத்தை காபி கொண்டு வர்றதுக்குள்ள சொல்லிப்புடுறேன்.

பேர்ல இருந்தே ஆரம்பிக்கணும். தலைவர்னா ஒருத்தர். தலைவர்கள்னா மேடையில ஏழெட்டுப் பேரு உக்காந்திருக்காகன்னு அர்த்தம். அதுலயும் ஒரு "ஸ்" போட்டு தலைவாஸ்னு வச்சிருக்காக. ஏழு பேரு மேட்ல, அஞ்சு பேரு வெளிய பெஞ்சில. பன்னெண்டு பேரும் தலைவருன்னா கொடி கட்ட ஒருத்தன் வேணாமாப்பா? பெஞ்சு தூக்கிப் போட, போஸ்டருக்குப் பசை காய்ச்ச ஒரு தொண்டன் வேணாமா? ஏலத்துக்குப் போறப்ப மொதல்ல நாலு தொண்டனை வாங்கச் சொல்லு. தலைவர் மலிவு வெலையில தானா வந்து சேருவாரு.

சிரிக்காத. கணக்கைப் பாரு. 2017ல மொத மொத களத்துக்கு வந்தாக. சச்சின் டெண்டுல்கர் பங்கு போட்ட டீமு, கமலஹாசன் விளம்பரத்துக்கு வந்தாரு, அஜய் தாக்கூர் கேப்டன். அந்த வருசம் மண்டலத்துல கடைசி. 2018லயும் கடைசி. 2019ல மஞ்சித் சில்லர் இருக்காரு, ராகுல் சவுத்ரி வந்து சேர்ந்தாரு, எல்லாம் பேரு சொன்னா ஊரே திரும்பிப் பாக்குற ஆளுக. 12 டீம்ல 12ஆவது. தேரு என்னமோ நாலு மாசி வீதியும் அடைச்சு நின்னுச்சு. வடம் புடிக்கத்தான் ஆளக் காணோம்.

அப்புறம் 2022. அதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாச் சொல்றேன், ஏன்னா மொத்த சங்கதியும் அங்கதான் கெடக்கு. பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலம் எடுத்தாக. அன்னைக்கு வரைக்கும் புரோ கபடியில யாருக்கும் அம்புட்டு வெல போனதில்ல. நல்ல ஆட்டக்காரன், அதுல ஒரு சந்தேகமும் இல்ல. அக்டோபர் 8, மொத ஆட்டம், குஜராத்தோட. ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துலயே முட்டி போச்சு. தூக்கிட்டுப் போனாக. சீசன் முழுக்க ஆளு திரும்பல. இந்த ஊர் டீக்கடையில அன்னைக்கு எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. "சரி, இந்த வருசமும் சங்குதான்"னு நானே சொன்னேன்.

என்ன நடந்துச்சு? நரேந்தர்னு ஒரு புதுப்பய. அதுக்கு முன்னாடி அந்தப் போட்டியில ஒரு ஆட்டம்கூட ஆடாதவன். ஆளு இல்லாததால ஏறுனான். சீசன் முடியுறப்ப 243 ரைடு பாயிண்ட் அவன் பேர்ல! தொணைக்கு அஜிங்கியா பவார். பின்னாடி ரெண்டு கார்னர்லயும் சாகர், சாகில் குலியான்னு ரெண்டு பயலுக, அவன் காலைப் புடிச்சா இவன் தொடையைப் புடிப்பான். டீமு அஞ்சாவது எடத்துக்கு வந்து, உ.பி. யோதாஸை டை பிரேக்கர்ல தள்ளிப்புட்டு, அரையிறுதி வரைக்கும் போயி, புனேகிட்ட ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல தோத்துச்சு. அவுக சரித்திரத்துலயே ஒசந்த வருசம் அதுதான். ரெண்டேகால் கோடி ரூவா ஆளு வெளிய உக்காந்திருந்த வருசம்!

அதுக்காக வெல ஒசந்தவனையெல்லாம் முட்டியில தட்டச் சொல்றேன்னு எழுதிப்புடாத. நான் சொல்ல வந்தது வேற.

நம்ம பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பாத்திருக்கேல்ல? பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிச்சு விடுவாக. வண்டிக்கு ரெண்டு மாடு. ஒண்ணு இடத்த, ஒண்ணு வலத்த. இடத்த பழகுன மாட்டை வலத்த பூட்டிப் பாரு. எம்புட்டுப் பெரிய மாடா இருந்தாலும் கழுத்தைத் திருப்பிக்கிட்டு ரோட்டோரப் புளியமரத்துக்குத்தான் வண்டியை இழுத்துட்டுப் போகும். அதுலயும் ஒண்ணு ஒத்தை எட்டு முந்துனா நுகத்தடி கோணிக்கும். நம்ம தாத்தாமாரு கமலை எறச்சப்ப மாடு முன்னாடி இழுத்தா மட்டும் பத்தாது, பின்னாடியே நடந்து வரவும் பழகணும். சந்தையில வாங்கிட்டு வந்த அன்னைக்கே எந்த மாடும் அப்படி நடக்காது. ஒரு வருசமாவது ஆகும்.

கபடியில கார்னரும் கவரும் அப்படித்தான். பாடி வர்றவன் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டுற அரை நொடியில கார்னர்க்காரன் கணுக்காலுக்குப் பாயணும். அவன் பாய்வான்னு பக்கத்துல நிக்கிற கவருக்கு முன்கூட்டியே தெரியணும். தெரியலைன்னா கார்னர் தனியாப் போயி மாட்டுவான், ஒத்த பாயிண்டுக்கு மூணு பாயிண்ட் போகும். அது வாய்ல சொல்லி வர்றதில்ல. ரெண்டு பேரும் ஒரே தட்டுல தின்னு, ஒருத்தனுக்கொருத்தன் வஞ்சு, நாலு ஆட்டம் தோத்துத்தான் வரும். இவுக என்ன செய்றாக? பழகுன ஜோடியைப் பிரிச்சு சந்தைக்கு அனுப்பிட்டு, புதுசா ஒத்த மாடு வாங்கிட்டு வர்றாக. 2024ல சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்தாக. ஒம்பதாவது எடம். அதுக்கு முந்துன சீசன்லயும் ஒம்பதாவதுதான். வெல ஏறியும் எடம் அசையல பாரு, நம்ம பஞ்சாயத்து ரோடு எஸ்டிமேட்டு மாதிரி.

திருமங்கலம் ஆட்டுச்சந்தைக்கு வெள்ளிக்கெழம என்கூட ஒரு தரம் அவுகளைக் கூட்டிட்டு வா. வெவரம் தெரிஞ்சவன் எப்ப வாங்குவான்? கூட்டமெல்லாம் பெரிய கிடாயைச் சுத்தி நிக்கிறப்ப, ஓரமா நிக்கிற குட்டியோட பல்லைப் பாத்து வாங்கிட்டு பஸ் ஏறிருவான். இவுக பெரிய கிடாகிட்ட போயி அதோட போட்டோ எடுத்துக்கிறாக.

2025ல பவன் செராவத்தையே மறுபடியும் கொண்டு வந்தாக. கூடவே ஜெய்ப்பூருக்கு ஆடி ஜெயிச்ச அர்ஜுன் தேஷ்வால். அந்த ஜெய்ப்பூருக்குக் கோச்சா இருந்த சஞ்சீவ் பல்யானையும் கோச்சாப் போட்டாக. சரி, பெரிய வீட்டுக் கல்யாணம், சாப்பாடு பிரமாதமா இருக்கும்னு நானும் எலையைப் போட்டுட்டு உக்காந்தேன். சீசன் சூடு புடிக்கிறதுக்குள்ள "ஒழுங்கு நடவடிக்கை"ன்னு சொல்லி பவனை வீட்டுக்கு அனுப்பிட்டாக. அவரு அதெல்லாம் இல்லைன்னு மறுத்தாரு. உள்ள என்ன நடந்துச்சோ, அது நம்ம பேச்சில்ல. மாப்பிள்ளையே கோவிச்சுக்கிட்டுப் போன பந்தியில சாம்பாருக்கு உப்பு இருக்கா இல்லையான்னு பாக்க ஆளு ஏது? மொத எட்டு எடத்துல டீமு பேரு இல்ல.

கோச்சுன்ன ஒடனே ஞாபகம் வருது. பாஸ்கரன் இருந்தாரு, உதயகுமார் வந்தாரு, 2022 சீசன் நடுவுல அவரை மாத்தி ஆஷன் குமார் வந்தாரு. அந்த மாத்தம் பலிச்சுச்சு, அதை மறைக்க மாட்டேன். அப்புறம் சேரலாதனும் உதயகுமாரும், அப்புறம் பல்யான். ஒவ்வொருத்தரும் வந்து மொத்த வயலையும் உழுது போட்டு மறு நடவு நட்டா எந்தப் பயிரு கதிர் வாங்கும்? வர்ற கோச்சுகிட்ட எழுதி வாங்கச் சொல்லு: மூணு வருசத்துக்கு ஒன்னை மாத்த மாட்டோம், பதிலுக்கு நீ ரெண்டு கார்னரையும் மாத்தக் கூடாது. மத்ததெல்லாம் அவன் இஷ்டம்.

காபி வந்துருச்சு. குடி. சீனி கம்மிதான், ஒங்க அத்தைக்குச் சுகரு வந்ததுல இருந்து வீட்டுல எல்லாருக்கும் சுகரு.

எங்க விட்டேன்? ஆங், மூணாவது பாட்டு. ரெண்டு தரம் ஏறிப் போயி வெறுங்கையோட வந்தா, மூணாந்தரம் பாயிண்ட் எடுத்தே ஆகணும், இல்ல போனவன் அவுட்டு. டூ ஆர் டைங்குறான் டி.வி.யில. இதுக்கும் பெரிய ரைடரையே அனுப்புனா, எதிராளி முப்பது நொடியும் அவனுக்காகவே விரிச்சு வச்சுக் காத்திருப்பான். மாட்டுனா அவன் வெளிய, அடுத்து ஏற ஆள் இல்ல, ஒவ்வொருத்தனா விழுந்து ஆல் அவுட்டு, ரெண்டு பாயிண்ட் சேத்துப் போகும். மூணாவது பாட்டுக்குன்னே ஒருத்தனைத் தனியா வளக்கணும்யா. ஆளு அழகா இருக்கணும்னு இல்ல, போஸ்டர்ல போட வேணாம். முழங்கையெல்லாம் தழும்பு, மொகத்துல வெக்கமில்ல, கோட்டைத் தொட்டா போதும்னு பல்லி மாதிரி தவழுற பய. நம்ம ஊருல அப்படி ஒருத்தன் இருந்தான், பந்தியில கடைசியா உக்காந்து மொதல்ல எந்திரிப்பான். ஆட்டத்துலயும் அதே சுபாவம். ஏழு வருசத்துல அவனைப் புடிச்சு நிறுத்துனவன் ரெண்டே பேரு, ஒருத்தன் கடன்காரன்.

பெஞ்சில உக்காந்திருக்கிற அஞ்சு பேரை எதுக்கு வச்சிருக்காகன்னும் கேளு. 2021-22 சீசன்ல ஆறு ஆட்டம் டை. ஆறு! ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல, பஞ்சாயத்துல ரெண்டு பக்கமும் தலையாட்டுற நம்ம பெரியசாமி மாதிரி. கடைசி அஞ்சு நிமிசம் மூச்சு வாங்குறவனையே நிக்க வச்சா அப்படித்தான். மேட்டுல மூணு பேரோ அதுக்கும் கொறைச்சலாவோ இருக்கிறப்ப ஒருத்தனைப் புடிச்சா சூப்பர் டேக்கிள், ரெண்டு பாயிண்ட். அதுக்குக் களைச்ச கால் ஆகாது. ரெண்டாவது பாதி நடுவுல புதுக்கால் ரெண்டை உள்ள விடு.

அடுத்து நம்ம பயலுக சங்கதி. வடக்கத்திப் பயலுக வேணாம்னு நான் சொல்லல. நரேந்தரைப் பாத்துக் கைதட்டுனவன் நானு. ஆனா தஞ்சாவூரு சேரலாதன் கேப்டனா நின்னு 2016ல கோப்பையைத் தூக்குனது பாட்னாவுக்கு. 2017ல தலைவாஸுக்கு ஆடுன பிரபஞ்சன், 2019ல பெங்கால் கோப்பை வாங்குனப்ப அந்த டீம்ல இருந்தான். 2019ல தலைவாஸ்ல ஆடுன அஜித்குமார் 2022ல ஜெய்ப்பூர்ல இருந்தான், ஜெய்ப்பூருக்குக் கோப்பை. நம்ம வீட்டுப் பிள்ளைக ஊரெல்லாம் போயி வெளக்கேத்திட்டு வர்றாங்ஙெ, நம்ம வீட்டுல மட்டும் பீஸ் போயிருது. சேரலாதனைத் திரும்பக் கூப்ட்டப்ப ஆடுற வயசு முடிஞ்சிருந்துச்சு, கோச்சாத்தான் கூப்ட்டாக.

அந்தக் கட்சி மாதிரி இந்தக் கட்சி மாதிரி தேர்வுக் கமிட்டி போட்டு ஏசி ரூம்ல உக்காந்து லேப்டாப்ல தேடுனா கெடைக்காது. தை பொறந்தா மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான்னு எந்தப் பக்கம் திரும்புனாலும் மின்னொளி கபடிப் போட்டி நடக்குது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடியக்காலம் கோழி கூப்புடுற வரைக்கும். செம்மண்ணுல, ட்யூப்லைட் வெளிச்சத்துல, வெறுங்காலோட. ஒரு ராத்திரியில நாலு ஆட்டம் ஆடிட்டு, காலையில சித்தாள் வேலைக்குப் போற பயலுக இருக்காங்ஙெ. அவுகளை மேட்டுல ஆறு மாசம் பழக்கணும், ஏன்னா மண்ணுல சறுக்குற கால் மேட்டுல ஒட்டிக்கும், கணுக்கால் திருகிரும். அந்த ஆறு மாசச் சோத்துக்கும் கறிக்கும் ஆகுற செலவு, ரெண்டு கோடியில எத்தனாவது பங்குன்னு நீதான் படிச்சவன், போட்டுப் பாரு.

எழுதிட்டியா? இன்னும் ஒண்ணே ஒண்ணு, இதைக் கடைசியாப் பொடி எழுத்துல எழுது. வர்ற மாட்டுப் பொங்கலுக்கு நம்ம கம்மாய்க்கரையில போட்டி இருக்கு. மொதப் பரிசு கிடா, ரெண்டாம் பரிசு ரொக்கம், ரெண்டுக்கும் ஆளு கெடைச்சாச்சு. மூணாம் பரிசு அண்டாவுக்கு மட்டும் இன்னும் உபயதாரர் சிக்கல. மெட்ராஸ்காரவுக யாராச்சும் குடுத்தாகன்னா மைக்குல மூணு தரம் பேரு சொல்லச் சொல்றேன். அண்டாவைக் குடுக்க நேர்ல வந்தாகன்னா அப்படியே ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போகட்டும். பச்சை பனியன், நாலாம் நம்பரு. கணுக்கால் புடிச்சா உடும்பு.

என்னடா மொறைக்கிற? என் பேரன்தான். அதனால என்ன, பேரனா இருந்தா கார்னர் ஆடக் கூடாதா? இவ்வளவு நேரம் நான் சொன்னதுல ஏதாச்சும் பொய் இருந்தாச் சொல்லு. பய இடத்த கார்னரு. எடுத்தாகன்னா எடுக்கட்டும், வலத்த மட்டும் பூட்டிப்புட வேணாம்னு அடிக்கோடு போட்டு எழுது.