அசையாம சிரி

எங்கள் வீட்டில் மூன்று பேராகச் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது. நடுவில் இருப்பவருக்கு ஆகாது என்பது பாட்டியின் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. அக்கா, அத்தான், அக்கா மடியில் பையன் என்று ஒரு குடும்பத்தை நான் அரும்பாடுபட்டு வியூஃபைண்டருக்குள் அடைத்து முடிக்கும் நேரம் பார்த்து, பாட்டி உள்ளேயிருந்து ஒரு மரப்பாச்சியை எடுத்துவந்து பையன் கையில் திணிப்பாள். இப்போது நாலு. எமனுக்குக் கணக்கு இடிக்கும். பையன் உடனே மரப்பாச்சியின் காலை வாயில் வைத்துக்கொள்வான். அந்தக் காலத்துப் படங்களில் அசையாமலும் கண்ணை மூடாமலும் இருப்பது அந்த மரப்பாச்சி ஒன்றுதான்.

1990களின் தொடக்கம், கும்பகோணம். துபாயில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது ஒரு பென்டாக்ஸ் கே1000 கொண்டுவந்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது. ஆனால் எனக்கு அப்போது வேலை எதுவும் இல்லை. அதனால் கேமரா என்னிடம் வந்து சேர்ந்தது.

அந்தக் கேமராவில் எல்லாமே கையால்தான். உள்ளே ஒரு முள் இருக்கும். அது நடுவுக்கு வரும்வரை மேலே ஷட்டர் வேகத்தையும், லென்ஸில் அப்பர்ச்சர் வளையத்தையும் மாற்றி மாற்றித் திருக வேண்டும். பிறகு ஃபோகஸ். அதற்குள் பிள்ளை எழுந்து கொல்லைப்புறம் போயிருக்கும். பிடித்துவந்து உட்காரவைத்தால் வெயில் நகர்ந்திருக்கும், மறுபடி முள். முற்றத்து வெளிச்சத்தில், 100 ஏஎஸ்ஏ பிலிமில், ஐந்து புள்ளி ஆறில் வைத்தால் நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு கிடைக்கும். பெரியவர்களுக்கு அது போதும். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் போதாது. முகம் தெளிவாக வரும், கை மட்டும் விசிறி மாதிரி வரும். வீட்டுக்குள் எடுத்தால் ஃபிளாஷ் போட வேண்டும், ஃபிளாஷ் போட்டால் அறுபதில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் படத்தில் ஒரு பக்கம் இருட்டாகிவிடும். அது மாப்பிள்ளை வீட்டார் நிற்கும் பக்கமாக அமைந்துவிட்டால் விவகாரம் போட்டோவோடு நிற்காது.

ஆகவே குழந்தைகளுக்கு எங்களிடம் இருந்தது ஒரே கட்டளை. அசையாதே. கூடவே ஒரு துணைக் கட்டளை: சிரி. இரண்டையும் ஒரே மூச்சில், அதட்டலாகச் சொல்வோம். "அசையாம சிரிடா!" அத்தான் கண்ணை உருட்டுவார். பையன் அசையாமல் இருப்பான், சிரிக்க மாட்டான். அல்லது சிரிப்பான், அசைந்துவிடுவான். இரண்டையும் சேர்த்துச் செய்யக் குழந்தைகளுக்கு வராது. பெரியவர்களுக்கும் கல்யாண மேடையில் மட்டும்தான் வருகிறது.

என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டுவார், ஒருவர் கிலுகிலுப்பையைக் குலுக்குவார், பக்கத்து வீட்டு மாமி கை தட்டுவார். "இங்க பாரு, இங்க பாரு" என்று நாலு திசையிலிருந்தும் கேட்கும். எந்த இங்கே என்று குழந்தைக்குத் தெரியாது. கடைசியில் அம்மா, "அதோ காக்கா பாரு" என்பாள். அக்கா, அத்தான், சித்தி, சித்தப்பா, முறுக்கு சுட்டுக்கொண்டிருந்த சமையல்கார மாமி உட்பட எல்லோரும் திரும்பிக் காக்காவைப் பார்ப்பார்கள். குழந்தை மட்டும் என்னைப் பார்க்கும். ஷட்டர் விழும்.

வித்தியாசமாக எடுக்க அன்றைக்கு யாருக்கும் ஆசையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் ஸ்டுடியோவுக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெண் பிள்ளைக்குத் தாழம்பூ வைத்துப் பின்னி, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி நிறுத்தி, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி எடுப்பார்கள். கண்ணாடிக்குள் கேமராவோ கேமராக்காரரோ தெரியக் கூடாது, கோணம் அப்படி. இன்றைக்கு அதைச் செய்யச் சொன்னால் பாதிப் பேர் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அழிப்பார்கள். ஆண் பிள்ளைக்கு மொட்டை போடுவதற்கு முந்தின வாரம் ரெட்டைச் சடை, பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி. எங்கள் தெருவில் இன்று தொப்பையும் மீசையுமாகப் போகிற கனவான்கள் பலர் வீட்டில் அப்படி ஒரு படம் பீரோவுக்குள் இருக்கிறது. அப்புறம் கிருஷ்ணன். வெண்ணெய்ப் பானையில் பஞ்சு. பஞ்சைத் தின்னாத கிருஷ்ணன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

உட்காரத் தெரியாத கைக்குழந்தை என்றால் அத்தை திரைக்குப் பின்னால் போய்விடுவாள். தாஜ்மகால் வரைந்த திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வந்து பிள்ளையின் இடுப்பைப் பிடித்திருக்கும். வளையலைக் கழற்ற மறந்திருந்தால் படத்தில் ஷாஜகானுக்கு வளையல். இது அத்தை கண்டுபிடித்த வித்தை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு படத்துக்குப் பல விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டியிருந்த காலத்தில், தாயின் மேல் துணியைப் போர்த்தி நாற்காலிபோல ஆக்கி, மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் போர்வைக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது நன்றாகவே தெரியும். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. அம்மா மறைந்திருந்தால்தான் பிள்ளை படத்தில் நிற்கும் என்பது அன்றைய விதி.

ஒரு ரோலில் 36 படம். கவனமாக மாட்டினால் 37, 38 கூடத் தேறும். அந்த ஒன்றிரண்டுக்காக பிலிம் மாட்டும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல், காதுகுத்து எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கழுவப் போகும். பிரிண்ட் வந்ததும் முதலில் பார்ப்பது யார் அழகாக இருக்கிறார்கள் என்பதையல்ல. யார் கண்ணை மூடியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

கண் மூடுவதற்குக் கணக்கே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் அதைப் போட்டுப் பார்த்து, 2006இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். சிரிக்கவைத்துப் பின் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. இருபது பேருக்கும் குறைவான கூட்டமென்றால், நல்ல வெளிச்சத்தில் தலை எண்ணிக்கையை மூன்றால் வகு. மங்கலான வெளிச்சத்தில் இரண்டால் வகு. அத்தனை படம் எடுத்தால் அநேகமாக ஒன்றிலாவது எல்லாருக்கும் கண் திறந்திருக்கும். பதினெட்டுப் பேர் நிற்கும் எங்கள் முற்றத்துக்கு ஆறு படம். அதாவது ரோலில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கேட்டிருந்தால் அப்பா பரிசு வாங்கியவர்களைத் திண்ணையில் ஏற்றியிருக்க மாட்டார். எங்கள் வீட்டுக் கணக்கு, குடும்பத்துக்கு ஒன்று. அதிகம் போனால், "சேஃப்டிக்கு இன்னொன்னு."

அந்த மரப்பாச்சிக் காலைக் கடித்த பையனுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. சென்னையில், வேளச்சேரியில், அவன், மனைவி, ஒரு பெண் குழந்தை. மூன்றே பேர். பாட்டி இருந்திருந்தால் ஒவ்வொரு செல்ஃபிக்கும் மரப்பாச்சி தேடி அலைந்திருப்பாள்.

தவணையில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கியிருக்கிறான். அது குழந்தையின் கண்ணைத் தானே கண்டுபிடித்து, பிள்ளை எங்கே ஓடினாலும் ஒரு சின்னக் கட்டத்தோடு துரத்துகிறது. விரலை அழுத்திப் பிடித்தால் நொடிக்குப் பத்துப் படம் விழுகிறது; நாலு நொடியில் எங்கள் தீபாவளி, பொங்கல், காதுகுத்து முடிந்தது. ஆக, குழந்தை அசையலாம். இனி அந்தக் கட்டளை தேவையில்லை. சுதந்திரம் வந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

போன முறை போயிருந்தபோது பாரதியார் தீம். இரண்டரை வயதுப் பெண்ணுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளை முண்டாசு, ஐப்ரோ பென்சிலில் மீசை. வெளியே மே மாத வெயில், உள்ளே அவன் வாங்கிவைத்திருக்கும் இரண்டு விளக்குகள். பாரதி வேர்வையில் கரைந்துகொண்டிருந்தார்.

"இயல்பா இரு செல்லம். கேமராவப் பாக்காத. அம்மாவப் பாத்துச் சிரி."

சிரித்தாள்.

"இது வேணாம்டா, பொய்ச் சிரிப்பு. நிஜமாச் சிரி."

"மீசை அரிக்குது."

"அஞ்சே நிமிஷம். இயல்பா இருன்னு சொன்னேன்ல?"

குரலை நான் கவனித்தேன். அப்படியே அத்தான். கண்ணை உருட்டுவதுகூட மாறவில்லை. அந்தக் காலத்துக் கட்டளைக்குக் குழந்தை கீழ்ப்படிந்தால் தப்பித்துவிடலாம். ஒரு நொடி கல்லாக இருந்தால் போதும், அப்புறம் ஓடலாம். இந்தக் கட்டளைக்கு எப்படிக் கீழ்ப்படிவது என்று எனக்கே தெரியவில்லை. கன்னத்தைத் தொடு, ஓடிவா, அப்பாவை முத்தமிடு, மறுபடி ஓடிவா, இந்தத் தடவை இயல்பாக ஓடிவா. அன்றைக்கு நாங்கள் குழந்தையைச் சிலையாக்கினோம். இவர்கள் நடிகையாக்குகிறார்கள். சம்பளம் இரண்டுக்கும் ஒரே மிட்டாய்தான்.

இதற்கெல்லாம் மூலம் எது என்று தேடினால் கொஞ்சம் பழியை ஆன் கெடஸ் மேல் போடலாம். பூந்தொட்டிக்குள் குழந்தை, முட்டைக்கோசுக்குள் குழந்தை என்று எடுத்த ஆஸ்திரேலியப் பெண்மணி. 1996இல் அவருடைய "டவுன் இன் தி கார்டன்" புத்தகம் வந்த பிறகு உலகம் முழுக்கக் காலண்டர்களில் குழந்தைகள் காய்கறியாக மாறினார்கள். அவர் படங்கள் அருமைதான். ஆனால் அவர் பின்னால் வந்தவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இந்தப் பெண் பிறந்த புதிதில், பிஞ்சுக் குழந்தை இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டு தவளைபோல் குந்தியிருக்கும் படம் ஒன்றைக் காட்டி, "இது ட்ரை பண்ணலாமா மாமா?" என்று கேட்டான். அது ஒரு படமே இல்லை. ஒரு தடவை தலையைப் பிடித்துக்கொண்டும், இன்னொரு தடவை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டும் எடுத்து, பிடித்த கைகளை அழித்து ஒட்டியது. திரைக்குப் பின்னால் அத்தை இன்னமும் இருக்கிறாள், அழித்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. கையை எடுத்துவிட்டு எடுத்தால் கொலைப் பாவம் என்று கத்தினேன். விட்டுவிட்டான். தேய்ந்த கேமராக்காரனுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பிருக்கிறது.

கண் மூடும் பிரச்சினையும் ஒழிந்தது. அவன் மனைவியின் போன் கூகுள் பிக்சல். 2023இல் வந்த பிக்சல் 8இலிருந்து "பெஸ்ட் டேக்" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நல்ல முகத்தைப் பொறுக்கி ஒரே படத்தில் பொருத்திவிடும். அக்காவின் அறுபதாம் கல்யாணத்தில் அப்படி ஒரு குடும்பப் படம் தயாரானது. எல்லோரும் சிரிக்கிறோம், எல்லோருக்கும் கண் திறந்திருக்கிறது, குழந்தை நேராகப் பார்க்கிறது. அப்படி ஒரு நொடி அந்த மண்டபத்தில் நடக்கவே இல்லை. பந்தி விஷயமாக அத்தானுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்த நேரம் அது. போன் எங்களைச் சமாதானம் செய்துவைத்திருக்கிறது.

எடுத்ததெல்லாம் எங்கே என்று கேட்டால், மேலே, கிளவுடில் இருக்கிறது என்கிறான். அக்கா போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறாள்: "கொழந்தையோட ஒரு போட்டோ குடுடா, ஹால்ல மாட்டணும்." "செலக்ட் பண்ணிட்டிருக்கேம்மா" என்கிறான். முதல் பிறந்தநாளிலிருந்து செலக்ட் பண்ணிக்கொண்டிருக்கிறான். அக்கா வீட்டு ஹாலில் இன்னமும் மாட்டியிருப்பது மரப்பாச்சிப் படம்தான்.

புதிதாகக் கேமரா வாங்கி, வீட்டில் சின்னக் குழந்தையும் வைத்திருப்பவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். விளக்கெல்லாம் பிறகு வாங்கலாம், ஜன்னல் ஓரம் போதும். நின்றுகொண்டு எடுக்காதீர்கள், தரையில் உட்காருங்கள், முழங்கால் வலித்தாலும். இரண்டு வரிசையாக ஆட்கள் இருந்தால் அப்பர்ச்சரை ஐந்து புள்ளி ஆறுக்குக் கீழே இறக்காதீர்கள். முன்வரிசை தெளிவாக வந்து பின்வரிசை மாமியார் மங்கலாக வந்தால் காரணம் சொல்ல முடியாது. குழந்தைக்குப் பட்டாணி உரிக்கக் கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், எதையாவது செய்யட்டும். ஷட்டர் வேகம் இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் கை விசிறியாகாது. சாவிக்கொத்து ஆட்டுகிறவர்களை வெளியே அனுப்புங்கள்.

நல்ல நேரம் என்பது குழந்தை தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வருகிற நேரம். பஞ்சாங்கத்தில் அது போட்டிருக்காது. வெளிச்சத்துக்கு என்றால், கார்த்திகை முதல் தை வரை மாலை நாலரைக்கு மேல் அடிக்கிற மஞ்சள் வெயிலுக்கு ஈடு இல்லை. எல்லோரும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அது அப்படியே ராகு காலம். பெரியவர்களிடம் சொல்லாமல் எடுத்துவிடுங்கள்.